காலி நாற்காலியிடம் கேட்ட கேள்விகள்

அந்த மாநாட்டில் எனக்குக் கொடுத்த நீலச் சட்டை இன்னும் வீட்டில் கிடக்கிறது. அடுப்பிலிருந்து சட்டி இறக்க அதைத்தான் எடுக்கிறோம். முதுகில் ‘இளைஞர் குரல்’ என்று எழுதியிருந்ததில் பாதி கருகிவிட்டது. நல்ல கெட்டித் துணி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாநாட்டில் கெட்டியாக இருந்தது அது ஒன்றுதான்.

அப்போது நான் ஊட்டியில் கல்லூரி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு குன்னூருக்குக் கீழே, பர்லியார் போகிற ரோட்டில் இறங்கி அரை மணி நேரம் தேயிலைக்குள் நடக்க வேண்டிய ஓர் எஸ்டேட் லைனில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒட்டு வீடுகளில். அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய் மாதம் ஒரு முறை வருவார். அம்மா கொழுந்து பறிக்கிறாள். எங்கள் லைனில் பதினெட்டு வீடுகள். பதினெட்டும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்த குடும்பங்கள்.

எங்கள் தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வாசலிலும் பதினெட்டுக் குழாய் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்து நட்டார்கள். ஆளுக்கொரு குடத்தோடு எங்களைக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அத்தோடு சரி, ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் காகிதத்தில் எங்கள் லைன் வீட்டுக்கு வீடு தண்ணீர் வருகிற லைன். போய்க் கேட்டால், உங்களுக்குத்தான் குழாய் போட்டாச்சே என்று நம்மையே பேராசைக்காரர்கள் மாதிரி பார்ப்பார்கள். அந்தக் குழாயில் நாங்கள் குடையை மாட்டி வைத்தோம்.

தண்ணீருக்குப் பீலிக்குத்தான் போக வேண்டும். மலை ஊற்றில் தகரத்தைச் சொருகித் தண்ணீரை விழவிட்ட இடத்துக்கு இலங்கையில் சொல்லிப் பழகிய பெயர் அது, இங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது. விடிகிற நேரத்தில் போய் எடுத்தால்தான் வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். அதே நேரத்தில் காட்டெருமையும் அங்கே வந்து நிற்கும். அதற்கு முந்தைய வருடம் பக்கத்து வீட்டு அத்தையை இடுப்பில் குத்தித் தூக்கிப் போட்டது. அவர் அதற்குப் பிறகு கொழுந்துக்கே போகவில்லை. அம்மா தினமும் அந்த வழியில்தான் இரண்டு குடத்தோடு போனாள். நான் போகிறேன் என்றால் விடமாட்டாள், படிக்கிற பிள்ளைக்குக் கை கால் வேண்டும் என்பாள். அவளுக்கு மட்டும் கை கால் கடையில் விற்கிறதா என்று நான் சண்டை போடுவேன். ஆனாலும் அவள்தான் போவாள்.

இதற்காகத்தான் லைனில் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு தயார் செய்திருந்தோம். எழுதியது நான். வருகிற திங்கட்கிழமை ஊட்டியில் கலெக்டர் ஆபீஸில் குறை கேட்கும் நாள். வீட்டுக்கு ஒருவர் லீவு போட்டுவிட்டு நேரில் போய் நின்று கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. அதற்கு நாலு நாள் முன்னால் வியாழக்கிழமை இந்த மாநாடு வந்து சேர்ந்தது.

நாட்டின் நீடித்த வளர்ச்சி இலக்குகளை மலை மாவட்டங்கள் எப்படி எட்டுவது என்பது அதன் பொருள். எட்டுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் குன்னூரில் வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல் ஒன்று. வருகிறவர்களைப் பேட்டி எடுக்க இந்த மலையின் இளைஞர்கள் ஆறு பேர் வேண்டுமென்று கோயம்புத்தூரிலிருந்து ஒருங்கிணைப்பாளர் மேடம் ஒருவர் கல்லூரிக்கு வந்தார். ஐந்து பேரை அவர்களுடைய இங்கிலீஷுக்காக எடுத்தார். என் முகவரியைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “லைன் ஊட்டுலயே குடியிருக்கறீங்களா கண்ணு? அடடா, ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார். காய்கறிக் கூடையில் தேடிய கத்தரிக்காய் கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில்.

ஆளுக்கு ஓர் இலக்கு பிரித்துக் கொடுத்தார்கள். எனக்குத் தண்ணீர் விழுந்தது. அதனால்தான் நீலச் சட்டை. நான் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். இருபது வயதில் என்னைவிடப் பெரிய முட்டாள் இந்த மலையில் இருந்திருக்க முடியாது.

புதன்கிழமை முழுவதும் பயிற்சி. ‘பிரச்சினை’ என்று சொல்லக் கூடாது, ‘சவால்’ என்று சொல்ல வேண்டும். ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது, ‘இனி வரவிருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். பதில் சொல்பவர் பேசும்போது இடையிடையே தலையை ஆட்ட வேண்டும், ஆனால் வேகமாக ஆட்டக் கூடாது. நன்றி சொல்லும்போது வலது கையை நெஞ்சில் வைக்க வேண்டும். தலையை ஆட்ட எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்குப் பால் குடிக்கும்போதே அது வந்துவிடும். இருந்தாலும் மூன்று முறை ஆட்டிக் காட்டினேன். மேடம் திருப்திப்பட்டார். கேள்விகள் எல்லாம் ஓர் அட்டையில் அச்சடித்து வந்திருந்தன. சொந்தமாகக் கேட்கலாமா என்று கேட்டேன். கேட்கலாம், அதற்குத்தானே இளைஞர்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அன்று வீட்டுக்கு வந்தேன்.

வரப்போகிற ஆட்களில் தண்ணீர் சம்பந்தப்பட்ட பெரிய அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வருகிறார் என்று பட்டியலில் இருந்தது. அவரைப் பேட்டி எடுப்பது நான். எங்கள் குழாயைப் பற்றி அவரிடம் கேட்டு, அவர் வாயால் பதில் வாங்கிவிட வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். பார்த்துப் பேசு என்றாள்.

மாநாட்டன்று பார்த்த கூத்தைச் சொல்ல ஒரு வாய் போதாது. சுத்தமான காற்றைப் பற்றிப் பேச வந்தவரின் கார் ஹோட்டல் வாசலில் எஞ்சின் அணைக்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. திரும்பி ஏறும்போது சீட் சூடாக இருக்க வேண்டுமாம். தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பல வருடமாக ஆராய்ச்சி செய்கிற பேராசிரியை ஒருவர், கையில் மைக்கோடும் கழுத்தில் அட்டையோடும் அவர் முன்னால் போய் நின்ற என்னிடம், சர்க்கரை போடாமல் ஒரு டீ கொண்டு வாம்மா என்றார். கொண்டு வந்து கொடுத்தேன். குடித்துக்கொண்டே தோட்டத்துப் பெண்களுக்குக் குரல் கொடுக்க வேண்டிய அவசியத்தைப் பற்றி ஏழு நிமிடம் பேசினார். நான் தலையை ஆட்டினேன், வேகமாக ஆட்டவில்லை.

மதியச் சாப்பாடு சிறுதானியம். சாமைப் பொங்கலைப் பார்த்து எல்லோரும் பரவசப்பட்டார்கள், பிறகு நைசாகப் போய் பிரியாணி இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்கள் மலையில் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது என்பதால் ஆளுக்கொரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தார்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு மூடாமல் எழுந்து போனார்கள். மிச்சத்தை ஹோட்டல் வேலையாள் வாளியில் சேர்த்துக் கொண்டுபோய் ரோஜாச் செடிகளுக்கு ஊற்றினார். ஒரு வாளி, பிறகு இன்னொரு வாளி. அம்மா காலையில் சுமந்துவரும் தண்ணீர் அந்த ரோஜாக்களுக்குப் பத்தியிருக்காது.

சாப்பாட்டுக்குப் பிறகு அதிகாரியைத் தோட்டத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிர் நாற்காலியில் நான். மேடம் காமிராவுக்குப் பின்னால் நின்றார். அட்டையில் இருந்ததையெல்லாம் முதலில் கேட்டு முடித்தேன். பிறகு அட்டையை மடியில் வைத்துவிட்டு, எங்கள் லைனில் பதினெட்டுக் குழாய் இருக்கிறது, இரண்டு வருடமாகத் தண்ணீர் இல்லை, அம்மா காட்டெருமை நிற்கிற வழியில் போய்த் தண்ணீர் எடுக்கிறாள், எப்போது வரும் சார் என்று கேட்டேன். ‘சவால்’ என்று சொல்லவில்லை. ‘இல்லை’ என்றே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. எஸ்டேட் பெயரைக் கேட்டார், எத்தனை வீடு என்று திரும்பக் கேட்டார், அழைப்பிதழின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். பிறகு என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: “பதினஞ்சு நாள்ல முடிச்சிடலாம்மா. இது என் பொறுப்பு. நீங்க கவலையே பட வேண்டாம்.”

நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னேன். அந்த ஒரு தடவை நிஜமாகவே வைத்தேன்.

தேநீர் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்ட பிறகு மேடம் எங்களை மறுபடி கூப்பிட்டார். பேட்டியின்போது எல்லாப் படமும் பதில் சொல்பவரை நோக்கித்தான் எடுத்திருக்கிறார்கள். கேட்கிறவர் முகத்தைத் தனியாக எடுத்துப் பிறகு ஒட்டுவார்களாம், பெரிய டிவிக்காரர்களும் அப்படித்தான் செய்வார்களாம். ஆறு பேரும் வரிசையாக வந்து, எதிரில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக் கேள்விகளைப் படித்துச் சிரித்துத் தலையாட்டி, நெஞ்சில் கை வைத்து நன்றியும் சொல்லிவிட்டுப் போனோம். என் அட்டையில் கடைசியாக ஒரு கேள்வி பேனாவால் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தது: ‘மாவட்ட இளைஞர்களுக்கான கையேடு எப்போது சார் கிடைக்கும்?’ இதை நான் யாரிடமும் கேட்கவில்லையே என்றேன். வேறொருவர் பதில் சொல்லியிருக்கிறார், உங்கள் குரலில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். சரியென்று நாற்காலியிடம் கேட்டேன். என் குழாய்க் கேள்வியையும் மறுபடி கேட்கட்டுமா என்றேன். “அது அருமையா வந்திருக்குது கண்ணு, அதைத் தொட வேண்டாம்” என்றார்.

அன்று பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு குஷி. லைனுக்கு வந்து வாசலிலேயே எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். சென்னை அதிகாரி, தன் வாயால், பதினைந்து நாள், தன் பொறுப்பு.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எஸ்டேட் மேனேஜர் துரை எல்லோர் முன்னாலும் ஒன்றைச் செய்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டால், அந்தத் தவணை முடிகிறவரை அதன் மேல் யூனியனுக்குப் போகக் கூடாது. போனால் துரையின் வாக்கை நம்பவில்லை என்று ஆகிவிடும், தருவதையும் தரமாட்டார். இலங்கையில் இருந்தபோதும் அப்படித்தானாம். லைனில் யூனியன் வேலையைப் பார்த்துக்கொண்ட பெரியப்பா (உறவில்லை, எல்லோருக்கும் அவர் பெரியப்பா) அதைத்தான் நினைவுபடுத்தினார். பெரிய மனிதர் வாக்குக் கொடுத்திருக்கிறார், திங்கட்கிழமை மனுவோடு போய் நின்றால் அவருக்குத் தலைக்குனிவு, பதினைந்து நாள் பொறுப்போம் என்றார். எல்லோரும் சரியென்றார்கள்.

பட்டம் படிக்கிற நான் அதைப் பழைய அடிமைப் புத்தி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னால் கிடைத்த வாக்குக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குத் தலை கிறுகிறுத்துப்போயிருந்தது. மனுவை நானே மடித்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்தேன். அம்மா மட்டும் அடுப்படியில் கேட்டாள், எழுதிக் கொடுத்தாரா என்று. எரிச்சலாக வந்தது எனக்கு. “காமிராவுல இருக்கும்மா, அது எழுத்த விடப் பெருசு” என்று வெடுக்கென்று சொன்னேன்.

அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில் அம்மா குழாயைத் திறந்து பார்ப்பாள். பிறகு இறுக்கி மூடுவாள், நாம் இல்லாத நேரத்தில் வந்து வீணாகப் போய்விடக் கூடாதாம். அதற்கப்புறம் குடங்களை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போவாள்.

பதினோராம் நாள் காலையில் பீலிக்கு மேலே செடிக்குள் ஒற்றைக் காட்டெருமை நின்றிருக்கிறது. அது சீறிய சத்தம் கேட்டுத் திரும்பி ஓடியவள், கல் வாய்க்காலில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். குன்னூர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்று முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். கொழுந்து பறிக்கிறவளுக்குக் கைதான் எல்லாம். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள். இன்னும் நாலு நாள்தானே, குழாய் வந்துவிடும் என்றாள்.

பதினாறாம் நாள் கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடம் பட்டுப் புடவையில் வந்திருந்தார். ஆறு பேருக்கும் சான்றிதழ், கூடவே பளபளவென்று ஒரு புத்தகம். மாவட்ட இளைஞர்களுக்கான கையேடு. அதன் பிறகு விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். காற்றுக்காரர் வந்தார், பேராசிரியை வந்தார். அடுத்து திரை முழுக்க என் முகம். இளித்துக்கொண்டு கேட்கிறேன்: மாவட்ட இளைஞர்களுக்கான கையேடு எப்போது சார் கிடைக்கும்? அதிகாரி வந்தார். “பதினஞ்சு நாள்ல முடிச்சிடலாம்மா. இது என் பொறுப்பு. நீங்க கவலையே பட வேண்டாம்.” நான் நெஞ்சில் கை வைத்தேன். அரங்கம் கைதட்டியது. சொன்னபடி புத்தகம் எல்லோர் மடியிலும் இருந்ததே, ஏன் தட்டமாட்டார்கள்.

விழா முடிந்து வாசலில் மேடத்தைப் பிடித்தேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். என் குழாய் எங்கே போயிற்று என்று மட்டும் கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்து, வருத்தமே இல்லாமல், நல்ல பிள்ளைக்குப் புரிய வைக்கிற குரலில் சொன்னார்: “உங்க கேள்வி ரொம்ப சின்னதா, ஊருக்குள்ள இருக்கிற மாதிரி இருந்துச்சுங்க கண்ணு. இது நேசனல் லெவல்ல போற படம்.” அசல் படத்தையாவது கொடுங்கள் என்றேன். வேலை முடிந்ததும் அழித்துவிட்டார்களாம், அவ்வளவையும் வைத்துக்கொள்ள இடம் இல்லையாம். அதிகாரியிடம் பேச ஒரு நம்பர் கேட்டேன். அவர் வேறு துறைக்கு மாறிப் போய்விட்டார் என்றார். தோளிலிருந்த கையை நான் தட்டிவிட்டேன். அந்த விழாவில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

படம் எனக்கு முன்னால் லைனுக்கு வந்து சேர்ந்திருந்தது. யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள். நான் போனபோது பெரியப்பா வாசலில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “புத்தகமா தாயி கேட்ட?” என்றார். நடந்ததை விளக்கினேன். கேள்வியைத் தனியாக எடுப்பார்கள், எதிரே யாரும் இருக்கமாட்டார்கள், காலி நாற்காலியிடம் கேட்டேன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது புளுகு மாதிரி இருந்தது. எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். மாநாட்டில் நான் தலையாட்டியது போல அவர்கள் எனக்குத் தலையாட்டினார்கள். அந்த ஆட்டம் எனக்கு நன்றாகத் தெரியும்.

கோட்டுப் போட்டவர்களைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம், சுலபம். பேராசிரியைக்குக் கோபம் வராமல் டீ கொண்டுபோய்க் கொடுத்தது யார்? பேனாவால் எழுதிய கேள்வியை, சந்தேகம் வந்தும், பல்லைக் காட்டிக்கொண்டு படித்தது யார்? அம்மா கேட்ட ஒரே நல்ல கேள்விக்கு வெடுக்கென்று பதில் சொன்னது யார்? திரையில் கேட்டது என் குரல்தான், யாரும் மாற்றிப் போடவில்லை.

அன்று சாயங்காலமே மனுவைப் புதிதாக எழுதினேன். பழைய தேதியில் கொடுக்க வெட்கமாக இருந்தது. பதினெட்டு வீட்டுக்கும் போனேன். இதற்கும் படம் எடுப்பார்களா என்று இரண்டு வீட்டில் கேட்டார்கள். பேனாவை நீட்டினேன், கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக எங்கள் வீடு. அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். நான் மூன்றாவது படிக்கும்போது என் சிலேட்டில் எழுதி எழுதித் தன் பெயரைப் போடக் கற்றுக்கொண்டவள். சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைக்க நீட்டுகிற மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்பாள், அதில் அவளுக்கு அத்தனை பெருமை. அன்று மாவுக்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடது பெருவிரலை நீட்டினாள். நான் அதில் பேனா மையைத் தடவி, அவள் விரலைப் பிடித்துக் காகிதத்தில் அழுத்தினேன்.

திங்கட்கிழமை பதினெட்டுப் பேர் ஊட்டிக்குப் போனோம். வரிசையில் நின்றோம், மனுவைக் கொடுத்தோம், ரசீது கொடுத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, நெஞ்சில் கை வைக்கவில்லை. அதே வாரம் வெள்ளிக்கிழமை இரண்டு பேர் ஸ்பேனரோடு வந்தார்கள். எங்களுக்கு மேலே அடுத்த மலையில் இருக்கிற தொட்டிக்குப் போய், பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே வால்வு மூடியிருந்தது. குழாய் நட்டவர்கள் மூடிவிட்டுப் போனது, திறக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அரை மணி நேர வேலை.

முதலில் துருத் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்தது. லைனே வாசலில் நின்றது. அம்மா இடது கையால் குடத்தை இழுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தாள். நிறைந்ததும் தூக்கப் பார்த்தாள், ஒரு கையால் முடியவில்லை. நான் போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் வழிகிற தண்ணீரை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தத் திங்கக்கெழமையே போயிருக்கலாம் புள்ள” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அதற்கெல்லாம் எனக்கு வாய் உண்டு. குடத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.